அரை நிமிடம் பின்னால் வரும் கோல்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். வெளியே பனி விழுந்தாலும் சரி. "அப்பா, ஹீட்டர் ஓடுது" என்று மகள் மாடியிலிருந்து கத்துவாள். அவளுக்குக் காரணம் தெரியும், இருந்தாலும் கத்துவாள். வட இங்கிலாந்தின் இந்தச் சிற்றூரில் எங்கள் வீட்டுக்கும் கால்பந்து மைதானத்துக்கும் நடுவே மூன்று தெருக்கள்தான் இருக்கின்றன. கோல் விழுந்தால் அந்த இரைச்சல் ஓட்டுக்கூரைகளைத் தாண்டி வந்து என் பாத்திரத் தொட்டியில் விழும். ஆனால் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை உள்நாட்டில் நேரடியாகக் காட்டக் கூடாது என்று இங்கே நெடுங்காலமாக ஒரு ஏற்பாடு. வீட்டிலிருந்தே பார்த்துவிட்டால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற கவலை அவர்களுக்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் எனக்கு நெஞ்சுச்சளி கட்டியதிலிருந்து, ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் மகள் என்னை மைதானத்துக்கு விடுவதில்லை. ஆக, நடந்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஆட்டத்தைப் பார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் திண்டுக்கல் நாகல் நகரில், தன் மகனுடைய செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கும் என் நண்பன் காதர் பார்க்கிறான். வெளிநாட்டு ரசிகர்களுக்கு எங்கள் குழு இணையத்தில் ஒளிபரப்புகிறது. உலகத்தில் அந்த வசதிக்குப் பதிவு செய்துகொண்டவர்களில் எங்கள் ஊரை ஒருநாளும் மிதிக்காத ஒரே ஆள் காதராகத்தான் இருப்பான்.

அங்கே அப்போது இரவு எட்டரை. கடையில் கூட்டம் குறைந்திருக்கும். நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன், அவன் சொல்லச் சொல்லக் கேட்பேன். இதில் ஒரு சிக்கல். இங்கே நடப்பது கடலைத் தாண்டி அவன் திரைக்குப் போய்ச் சேர அரை நிமிடம் ஆகிறது. இரைச்சல் எனக்கு முதலில் வந்துவிடும், காட்சி அவனுக்குப் பின்னால் வரும்.

"ஏலே காதர், இங்க என்னமோ கத்துறாங்கடா."

"இங்க இன்னும் பந்து நடுவுலதான் கெடக்கு. சொல்லாத, சொல்லாத!"

"எனக்கே தெரியாதுடா, என்னத்தச் சொல்ல?"

"கத்துனது நம்மாளுகளா, அவிங்களா?"

"காத்து அங்கிட்டு அடிக்குது. புரியல."

"செத்த நேரம் பொறு. வாரான்... வாரான்... ஏலே, போச்சுடா! நம்ம கோல்கீப்பரு பந்தக் கொண்டுபோயி அவன் கால்லயே குடுத்துட்டான்! ஒனக்கு ஊருல வேற டீமே கெடைக்கலியா காலேஜு?"

காதருக்கு நான் இன்றைக்கும் 'காலேஜு'தான். எனக்கு எழுபத்து மூன்று வயது, அவனுக்கு ஒன்று கூட. நான் வேடசந்தூர்ப் பக்கத்துக் காய்கறி விவசாயி வீட்டுப் பிள்ளை. திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தவன். அவன் தோல் பதனிடும் தொழிற்சாலையில், எங்கள் ஊர்ப்பேச்சில் சொன்னால் தோல்ஷாப்பில், பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தவன். இரண்டு பேரும் மாலையில் ஒரே மைதானத்தில் பந்து உதைத்தோம். எங்களுக்குள் இருந்த உறவுக்கு அதற்கு மேல் காரணம் எதுவும் கிடையாது, தேவைப்படவும் இல்லை. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்த உறவுக்கு நான் செய்த ஒரு துரோகம். அதற்கு முன் தூணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

போன ஆண்டு கோப்பைப் போட்டியில் எங்கள் சின்னக் குழுவுக்கு ஒரு பெரிய நகரத்துக் குழுவோடு ஆட்டம் விழுந்தது. சீட்டுக்குலுக்கலில் எங்கள் மைதானமே கிடைத்தது. ஊரே குலுங்கிவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் எங்கள் குழுவின் நிறத்தில் கேக் செய்து கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கினார். மகளும் மனம் இளகி, இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு என்ற நிபந்தனையோடு அனுமதி தந்தாள். ஆனால் நுழைவுச்சீட்டு முதலில் அதிக ஆட்டங்களுக்கு வந்தவர்களுக்கு, மிச்சம் மற்றவர்களுக்கு என்றார்கள். என்னைப் போன்ற ஜன்னல் ரசிகனுக்குக் கிடைத்தது ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கை. அந்த மைதானம் பழையது. கூரையைத் தாங்க இரும்புத் தூண்கள். என் இடத்திலிருந்து பார்த்தால் இடது பக்க கோல் முழுவதும் தூணுக்குள் போய்விடும். பந்து அந்தப் பக்கம் போனால் எனக்கு ஆட்டம் இல்லை.

மதியம் பன்னிரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியதும் காதரை அழைத்தேன். அவன் அங்கே டிவியிலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பந்து தூணுக்குள் நுழையும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்து, தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, "காதர், காதர், என்னாச்சு, சொல்லுடா" என்று முணுமுணுப்பேன். அரை நிமிடம் கழித்து அவன் சொல்வான். பக்கத்து இருக்கையில் என் வயதுள்ள ஒரு வெள்ளைக்காரர். கீத் என்று பெயர், வீட்டுச் சுவர்களுக்குப் பூச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். என்னை இரண்டு மூன்று முறை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார், "நீங்கள் ஜெபிக்கிறீர்களா?" விளக்குவதற்கு நேரமில்லை, பந்து மறுபடி தூணுக்குள் போய்க்கொண்டிருந்தது. "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த நொடி எங்கள் குழு கோல் போட்டது. மைதானமே எழுந்து நின்றது. கீத் என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அரை நிமிடம் கழித்து என் காதில் காதர் அலறினான், நான் மறுபடி ஒருமுறை குதித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு கார்னருக்கும் கீத் என் முழங்கையைத் தட்டி, "அவரைக் கூப்பிடுங்கள், உங்கள் ஆளைக் கூப்பிடுங்கள்" என்று கெஞ்சத் தொடங்கினார். நான்கு வரிசை தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பி என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நாகல் நகர் செல்போன் கடையில் உட்கார்ந்திருந்த காதருக்கு அன்று கிடைத்த மரியாதை வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

ஆனாலும் ஆட்டம் சமனில் முடிந்தது. முன்பெல்லாம் சமனானால் இன்னொரு நாள் மறு ஆட்டம் வைப்பார்கள். இப்போது அதை எடுத்துவிட்டார்கள். கூடுதல் நேரம், அதற்கும் மேல் பெனால்டி. பெனால்டி அடித்தது இடது பக்க கோலில், தூணுக்குள். எங்கள் குழு தோற்றதை நான் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கீத் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள் ஆள் தன்னால் முடிந்ததைச் செய்தார். நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள்" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. நான் காதரிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "இம்புட்டு நேரம் ஆடிட்டுக் கடைசியில சீட்டு எடுக்குற மாதிரி முடிச்சுப்புட்டாங்களே காலேஜு. நம்மளுக்கு அன்னிக்கு எடுத்த மாதிரி" என்றான்.

கூட்டம் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் தூணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஐம்பது வருடங்களுக்கு மேல் இருக்கும். திண்டுக்கல்லில் ஒரு கோப்பைப் போட்டியின் அரையிறுதி. எங்கள் கல்லூரி அணிக்கும் தோல்ஷாப்பு அணிக்கும். காதர் அவர்களுடைய கோல்கீப்பர், தலைவனும் அவன்தான். ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரமும் முடிந்து, மலைக்கோட்டைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிவிட்டது. மைதானத்தில் விளக்கு கிடையாது. இறுதிப் போட்டி மறுநாள் மதுரையில். ஆகவே வழக்கப்படி சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாம் என்றார் நடுவர். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எடுத்தால்தான் சந்தேகம் வராது என்பது அவருடைய கொள்கை. எல்லைக்கோட்டருகே கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மாளைக் கூப்பிட்டார். சீட்டை எழுத ஆள் வேண்டுமே. "நீ எழுதுப்பா, ஒன் கையெழுத்துத்தான் முத்து மாதிரி இருக்கும்" என்று என்னிடம் தாளையும் பேனாவையும் நீட்டினார். நான் தொடையில் தாளை வைத்து எழுதினேன். இரண்டு சீட்டிலும் எங்கள் கல்லூரியின் பெயரையே எழுதினேன்.

என் கை என்னை அறியாமல் எழுதிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அது பொய். முதல் சீட்டை எழுதி மடித்தேன், இரண்டாவதை எழுதக் குனிந்தபோது மதுரையை நினைத்தேன், நிமிர்ந்து காதரைப் பார்த்தேன். அவன் முழங்கால் சிராய்ப்பில் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு தெரிந்தேதான் எழுதினேன். நடுவர் தொப்பியில் போட்டுக் குலுக்க, அந்த அம்மாள் ஒன்றை எடுத்தார். எங்கள் பையன்கள் என்னைத் தூக்கினார்கள். கீழே இறங்கியதும் தொப்பியைத் தேடி ஓடினேன். மற்றச் சீட்டைக் காணோம். காற்றில் போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காதர் என்னிடம் வந்தான். தன் பூட்ஸைக் கழற்றி நீட்டினான். "மதுரையில புல்லுத் தரடா. ஒன் பூட்ஸு வழுக்கும். இதப் போட்டுக்க." வாங்கிக்கொண்டேன். அந்த பூட்ஸோடு ஆடிய இறுதிப் போட்டியில் என்னைப் பார்த்த ஒருவர் அங்கேயே ஒரு அலுவலகத்தில் விளையாட்டு வீரர்களுக்கான இடத்தில் எனக்கு வேலை வாங்கித் தந்தார். அந்த வேலையில் இருந்துகொண்டு மேலே படித்தேன். அந்தப் படிப்பு என்னை இங்கிலாந்தில் கொண்டுவந்து இறக்கியது. என் மகள், இந்த வீடு, இந்த ஜன்னல் எல்லாம் அந்தச் சீட்டிலிருந்து வந்தவை. காதர் தோல்ஷாப்பு மூடும் வரைக்கும் அங்கேயே இருந்தான்.

இந்த ஜனவரியில் ஊருக்குப் போனேன். காதரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். முதல் நாள் அவன் வீட்டுச் சாப்பாட்டில் சொல்ல நினைத்தேன். அவன் மனைவி ஜரீனா, "வெஞ்சனம் ஒண்ணும் பெருசா இல்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே தொட்டுக்கொள்ள ஆறு கிண்ணங்களை வைத்தார். வாய் வரவில்லை. இரண்டாம் நாள் கடையில் சொல்ல நினைத்தேன். யாரோ உடைந்த திரையோடு வந்துவிட்டார். மூன்றாம் நாள் ஊரில் ஒரு கோப்பை அரையிறுதி என்று காதர் இழுத்துக்கொண்டு போனான்.

இங்கே தூண் என்றால் அங்கே தலைவர்கள். மூன்று மணி ஆட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் நான்கு மணிக்கு வந்தார். இரண்டு அணி வீரர்களுக்கும் ஒவ்வொருவராகக் கைகொடுத்தார், ஒவ்வொருவரோடும் படம் எடுத்துக்கொண்டார். பொன்னாடைகள் வந்தன. பிறகு பேசத் தொடங்கினார். வீரர்கள் வெயிலில் ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றார்கள். ஒருவன் பந்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். இங்கிலாந்தில் அறிவித்த நிமிடத்தில் ஆட்டம் தொடங்கும், நான்தான் பார்க்க முடியாது. ஊரில் எல்லாம் கண்ணெதிரே தெரிகிறது, ஆட்டம்தான் தொடங்கமாட்டேன் என்கிறது. இருந்தும் நான் அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. சிமென்ட் படி சுட்டது. சுண்டல்காரப் பெண் காகிதக் கூம்பில் மாங்காய் தூவிக் கொடுத்தாள். எங்களுக்கு முன் வரிசையில் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர், மேடையைப் பார்த்து, "ஏனுங்க, பேச்சுக்கு ஆஃப் டைம் உண்டுங்களா?" என்று கத்தினார். சுற்றிலும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் எனக்குத் துணிச்சல் வந்தது.

"காதர், அன்னிக்கு நம்ம செமி ஃபைனல்ல..." என்று தொடங்கினேன். எங்கள் தலைக்கு மேலேயே ஒலிபெருக்கி.

"என்னது?"

"அந்தச் சீட்டு!"

"எந்த வீட்டு?"

"சீட்டுடா! நாந்தான எழுதுனேன்!"

"கேக்கல, சத்தமாச் சொல்லு!"

நான் எழுந்து நின்று, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். சரியாக அந்த நொடியில் விருந்தினர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். மைதானமே அமைதியாக இருந்தது. "ரெண்டு சீட்டுலயும் எங்க பேரத்தான்டா எழுதுனேன்!" என்ற என் குரல் மட்டும் எதிர்ப்பக்கச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

நூறு தலைகள் திரும்பின. ஒட்டன்சத்திரத்துக்காரர் பரிவோடு கேட்டார், "எந்த எலக்சன்லங்க, பெரியவரே?"

காதர் மட்டும் சிரிக்கவில்லை. சுண்டலை ஒரு வாய் போட்டு மென்றான். இவனும் போய்விட்டால் திண்டுக்கல்லில் எனக்கென்று யார் என்று அப்போதுதான் உறைத்தது.

"அது கெடக்கட்டும்" என்றான் கடைசியில். "என் பூட்ஸு எங்க?"

"என்னது?"

"பூட்ஸுடா. மதுரைக்கு வாங்கிட்டுப் போனியே. இன்னைக்கு வரைக்கும் வரல."

"காதர், நான் சொன்னது கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும். தொப்பிக்குள்ள கெடந்த மத்தச் சீட்ட நாந்தான் எடுத்தேன். தோத்ததுக்கு ஒரு அடையாளமா இருக்கட்டும்னு பையில போட்டேன். வீட்டுல போயிப் பிரிச்சா, அதுலயும் ஒங்க காலேஜுப் பேரு, முத்து முத்தா. பூட்ஸக் குடுத்ததுக்கப்புறம் பிரிச்சேன் பாரு, அதான் என் நேரம். முன்னாடியே பாத்திருந்தா பூட்ஸு வந்திருக்குமா ஒனக்கு?"

"அப்ப ஏன்டா சொல்லல? நடுவர்ட்ட போயிருக்கலாமே."

காதர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான், ஐம்பது வருடத்துக்குப் பிறகும் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல. "எங்க பக்கம் ஒரு லெஃப்ட் விங்கர் ஆடுனான்ல, ஒங்களுக்கு கோல் போட்டவன்? அவன் தோல்ஷாப்பே இல்ல. கொடைரோடு ஸ்டேசன்ல வேலை பாத்தவன். காச்சலாக் கெடந்த எங்காளு பேருல எறக்குனோம். நான் சீட்டக் கெளப்புனா ஒங்க காலேஜு சாரு அவனக் கெளப்புவாரு. பேசாமப் படுத்துட்டேன்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவன் கையை உயர்த்தினான்.

"சிரிக்காத. அது வேற, இது வேற. நான் ஏமாத்துனது ஒங்க காலேஜ. நீ ஏமாத்துனது என்னைய. ஒரு வருசம் ஒங்கூடப் பேசவே இல்ல நான். தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது. அந்த ஒரு வருடம் நான் மதுரையில் புது வேலையில் இருந்தேன். அவன் பேசாததையே நான் கவனிக்கவில்லை. சீட்டை எழுதியதைவிட இதுதான் பெரிய குற்றம் என்று அந்தச் சிமென்ட் படியில் எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. "தப்புத்தான்டா" என்றேன். அவன் சுண்டல் கூம்பை என் பக்கம் நீட்டினான். கீழே விசில் ஊதி, ஒருவழியாக ஆட்டம் தொடங்கியது.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது காதர் காலிக் கூம்பைப் பிரித்து இரண்டாகக் கிழித்தான். "பேனா குடு. இன்னிக்கு நான் எழுதுறேன். ஒண்ணு திண்டுக்கல்லு, ஒண்ணு இங்கிலாந்து. எது வருதோ, அங்கிட்டே கெட. வருசா வருசம் வாரேன், போறேன்னு அலையாத." என் மனைவி காலமான பிறகு, ஊருக்கே வந்துவிடலாமா என்று நான் நான்கு வருடமாக அவனிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினான், மடித்தான், தன் தொப்பியில் போட்டுக் குலுக்கினான். சுண்டல்காரப் பெண்ணைக் கூப்பிட்டான். "நான் பத்தாவது பாஸுங்க, தாத்தா" என்றாள் அவள், எழுதப் படிக்கத் தெரியாதவர்தான் எடுக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தை அவன் சொன்னபோது. "பரவால்ல, கண்ண மூடிட்டு எடு" என்றான். எடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். கோணல் மாணலாக, 'திண்டுக்கல்'.

தொப்பிக்குள் கையை விட்டேன். அதற்குள் காதர் மற்றச் சீட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். சுண்டலைப் போலவே மென்று விழுங்கினான்.

"அதுல என்னடா எழுதியிருந்த?"

"ஒனக்கு ஒரு அம்பது வருசம் ஆகும், தெரிய" என்றான்.

நான் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டேன். மகள் விமான நிலையத்துக்கே கோட்டோடு வந்திருந்தாள். சந்தேகத்துக்குரிய குலுக்கல் செல்லாது என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்த எண்ணெய்க் காகிதச் சீட்டு என் பணப்பையில், எங்கள் குழுவின் உறுப்பினர் அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. காதருக்கு எட்டாம் எண் பூட்ஸ் ஒரு ஜோடி அனுப்பினேன். அதைப் போட்டுக்கொண்டுதான் கடையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறானாம். அவன் நடக்கும் சத்தத்தில் வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று ஜரீனா சொன்னார்.

போன சனிக்கிழமை மூன்று மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். குளிர் உள்ளே வந்தது, மேலிருந்து மகளின் குரல் வந்தது, சற்று நேரத்தில் கூரைகளைத் தாண்டிப் பெரிய இரைச்சல் வந்தது. காதருக்கு அது இன்னும் நடக்கவில்லை. அவனுடைய திரையில் பந்து எங்கேயோ நடுவில் கிடக்கும். இந்த ஊரில் முடிந்துவிட்டது, அந்த ஊரில் இன்னும் தொடங்கவில்லை. அந்த அரை நிமிடத்தில்தான் நான் ஒவ்வொரு வாரமும் அவனிடம் கேட்கிறேன்.

"ஏலே, அந்த இன்னொரு சீட்டுல என்ன எழுதியிருந்த? திண்டுக்கல்லா, இங்கிலாந்தா?"

"செத்த நேரம் பொறு" என்றான் காதர். "வாரான்... வாரான்..."